கடையில் வாங்காத மீன்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை ஷிப்ட். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து மீன் தொட்டியை இறக்கினேன். இரண்டடி நீளம். உள்ளே பழைய செய்தித்தாள், ஒரு பை கூழாங்கல், ஒரு செத்த கரப்பான். இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடிக்கட்டும்.

சனிக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மகள் என்னோடு இருப்பாள். இருப்பாள் என்றால் வெளியே. பூங்கா, ஐஸ்கிரீம், புத்தகக் கடை. ஏழு மாதமாக என் மாடி வீட்டுப் படி ஏறவில்லை. பதினோரு வயதுக்கு என்ன பிடிவாதம்! சரி, யார் பெற்ற பிள்ளை.

கோடை விடுமுறை ஐந்து வாரம். அதை அப்பா வீட்டில் கழிப்பதா, சித்தி வீட்டில் கழிப்பதா என்று அவளே முடிவு பண்ணட்டும், ஏப்ரல் இருபதுக்குள் சொன்னால் போதும் என்றாள் அவள் அம்மா. நான் தள்ளவும் மாட்டேன், பிடித்து வைக்கவும் மாட்டேன் என்றாள். நியாயமானவள். பிரிந்த பிறகும் அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

மகள் செருப்பைப் பார்த்துக்கொண்டு "பாக்கலாம்" என்றாள். அந்த வீட்டில் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியாதா?

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். புதுசாக ஒரு தங்கமீன் வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"வேணாம்பா. கடையில வாங்குற மீன எப்ப வேணா மாத்தி வச்சிரலாம்."

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் குச்சியைக் குப்பைத் தொட்டியில் போடப் போய்விட்டாள்.

பிப்ரவரி 4

நேற்று முக்கியமானதை எழுதாமல் நழுவிவிட்டேன். என் நோட்டில் நானே ஒளிந்தால் எப்படி?

அவர்கள் தனி வீடு போனபோது மகள் தன் தங்கமீனை என்னிடம் விட்டுப் போனாள். வரும்போதெல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஐந்தாம் நாள் தொட்டியைப் பளபளவென்று கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். மறுநாள் மீன் மல்லாந்து கிடந்தது. சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. நாலு கடை ஏறி இறங்கி, அதே ஆரஞ்சு, வாலருகே அதே வெள்ளை உள்ளதாகப் பார்த்து வாங்கிப் போட்டேன். மகள் வந்தாள். தொட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பசிக்குதுப்பா, வெளியே போகலாம் என்றாள். அதற்கப்புறம் மாடிக்கே வரவில்லை. அந்த இரண்டாவது மீனும் பதினைந்து நாளில் போய்ச் சேர்ந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், அதுவும் யாரிடம்? பெருக்கல் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறவளிடம்.

முடிவு பண்ணிவிட்டேன். இந்த வீட்டில், இந்தத் தொட்டியில், பிறந்த மீன் ஒன்று வேண்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு நான் வைத்த பேர் நிதானம். ஒரு மீனை வலையில் பிடிப்பதற்குள் நமக்கு ஒரு வயது கூடிவிடும்.

முட்டாள் வளர்த்தாலும் குட்டி போடுகிற மீன் எது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முட்டையிடும் வகை உங்களுக்கு வேண்டாம், அதற்குத் தனித் தொட்டி வேண்டும், முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் பார்க்க வேண்டும் என்றார். உயிரோடு குட்டி போடும் மீன்கள் இருக்கின்றன: கப்பி, பிளாட்டி, மோலி. மோலிக்கு இடம் கூட வேண்டும். இரண்டடித் தொட்டிக்குக் கப்பியோ பிளாட்டியோதான் சரி.

"கப்பி எடுத்துக்குங்க சார். அது குட்டி போடாம பாத்துக்கறதுதான் கஷ்டம்."

அந்த வார்த்தை பிடித்துவிட்டது. தொட்டியில் இரண்டு வாரம் வெறும் தண்ணீர் ஓடட்டும், அப்புறம் மீன் விடுங்கள் என்றும் சொன்னார். அவசரக்காரன் கேட்பானா? மூன்று கப்பியைக் கையோடு வாங்கி வந்தேன். குழாயைத் திறந்தேன், தொட்டியை நிரப்பினேன், விட்டேன்.

பிப்ரவரி 9

மூன்றும் போச்சு.

பிப்ரவரி 10

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

என் உத்தியோகம் என்ன? தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் போடுவது. மணிக்கொரு தரம் தண்ணீரைக் குப்பியில் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, எவ்வளவு மஞ்சளாகிறது என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது. பத்தொன்பது வருஷமாக.

ஆய்வகத்து அக்காவிடம் மதியம் மீன் செத்த கதையைப் புலம்பினேன். தண்ணீரை எத்தனை நாள் வாளியில் வைத்திருந்தாய் என்று கேட்டாள். எதுக்கு வைக்கணும், நேரா குழாயிலிருந்துதான் என்றேன். அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏம்பா, அந்தக் குழாய்ல குளோரின் போட்டு அனுப்புறது யாரு?"

எனக்குக் காது சுட்டது. ஊரிலுள்ள கிருமியையெல்லாம் கொல்ல அனுப்பும் மருந்தை வீட்டில் நானே பிடித்து மீன் தலையில் ஊற்றியிருக்கிறேன். தங்கமீனையும் அப்படித்தான். அதைக் கொன்றது விதியும் இல்லை, வியாதியும் இல்லை. நான்தான். அடப் பாவி. அறிவு ஷிப்ட் முடிந்ததும் கார்டு அடித்துவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போய்விடுமா என்ன?

பிப்ரவரி 12

அக்கா கொஞ்சம் சொட்டு மருந்து கொடுத்தாள். வாளியில் பிடித்து வைத்த தண்ணீர்: முதல் நாள் நல்ல மஞ்சள். இன்று மஞ்சளே இல்லை, குளோரின் பறந்துவிட்டது. இனி இந்த வீட்டில் சோதிக்காத தண்ணீர் தொட்டிக்குள் போகாது.

பிப்ரவரி 22, ஞாயிறு

காத்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு வெறும் தண்ணீரைப் பார்த்தேன். பஞ்சு ஃபில்டர் குமிழி விடுவதைப் பார்த்தே பத்து நாள் போனது. இன்று ஆறு கப்பி. ஒவ்வொன்றாக நானே விரலைக் காட்டித் தேர்ந்தெடுத்தேன். மயில் கழுத்து நீலம், ரத்தச் சிவப்பு, வாலில் புள்ளி போட்டது. நிதானம் என்னவோ சொல்ல வந்தார். நீங்க பிடிங்க, அந்த நீலம், அதேதான் என்று அவசரப்படுத்தினேன்.

பிப்ரவரி 28, சனி

ஆறும் உயிரோடு. மகளிடம் சொல்லவில்லை. புத்தகக் கடையில் ஒரு மணி நேரம் நின்றோம். லீவு பற்றி இருவரும் பேசவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

குட்டியும் இல்லை, வயிறும் இல்லை. போய்க் கேட்டேன். நிதானம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எல்லாம் எப்படி இருக்கிறது, சண்டை போடுகிறதா என்றார். ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருக்கிறது என்றேன்.

"ஆறும் ஆம்பளைங்க சார். வேற என்ன செய்யும்?"

கப்பியில் ஆணுக்குத்தான் அந்த வாலும் வண்ணமும். பெண் பெரிதாக, சாம்பல் நிறத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரி இருக்குமாம். அன்றைக்கே சொல்ல வந்தேன், நீங்கள் விடவில்லை என்றார். இரண்டு வாரம் வீணாய்ப் போச்சு! ஏப்ரல் இருபதுக்கு இன்னும் எத்தனை வாரம்? ஆறு. பிரம்மச்சாரிகள் விடுதி நடத்திக்கொண்டு குழந்தைச் சத்தத்துக்குக் காதைத் தீட்டியிருக்கிறேன்.

மார்ச் 9

நாலு ஆண்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாலு பெண்களைக் கொண்டுவந்தேன். ஒரு ஆணுக்கு இரண்டு பெண்ணாவது இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் துரத்தியே கொன்றுவிடும். நாலுக்கும் வாலுக்கு முன்னால், அடிவயிற்றில் கறுப்பாக ஒரு மறு. அது பெரிதாகக் கறுத்து, வயிறு டப்பா மாதிரி சதுரமானால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

மார்ச் 14, சனி

மகளிடம் மீன் வளர்ப்பதைச் சொன்னேன். ம் என்றாள். அவ்வளவுதான். பரவாயில்லை. நான் விடாக்கண்டன்.

மார்ச் 24, செவ்வாய்

குட்டி!!!

காலையில் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். மூலையில் கண்ணிமை முடி மாதிரி மூன்று. இல்லை, ஐந்து. கண் மட்டும்தான் தெரிகிறது. வாயில் பேஸ்டோடு கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார்.

மகளுக்குத் தொலைபேசினேன்.

"நிஜமாவா? சனிக்கிழம மேல வந்து பாக்குறேன்."

மேல வந்து. மேல வந்து என்று சொன்னாள்.

மார்ச் 27, வெள்ளி

இல்லை. ஒன்றுகூட இல்லை.

புதன்கிழமை இரண்டு தெரிந்தது. நேற்று ஒன்று. இன்று கல்லைக் கிளறிப் பார்த்தாலும் இல்லை. நிதானத்திடம் ஓடினேன். ஒளிந்துகொள்ளச் செடி எதுவும் போடவில்லையா, பெற்றதுகளே தின்றிருக்கும் என்றார். வேலியே பயிரை மேய்ந்த கதை. கல்லும் தண்ணீரும் மட்டும் வைத்துவிட்டு, குட்டி எங்கே என்றால் எங்கே ஒளியும்?

நாளைக்கு மகள் வருகிறாள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், இதே வயதுக் குட்டி என்னிடம் பத்து இருக்கிறது, கொண்டுபோய் விடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று. வாங்கினேன். ஆமாம், வாங்கிவிட்டேன்.

புது மீனைப் பையோடு கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் அவிழ்க்கலாம். மிதக்க விட்டேன். நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்தக் கால் மணி நேரம்தான் என்னைக் கெடுத்தது. அல்லது காப்பாற்றியது.

எங்கள் நிலையத்து ரிஜிஸ்டரில் அளவைத் தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ரப்பர், வெள்ளை மை எதுவும் கூடாது. குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் சரியான அளவு. அதன் கீழே கையெழுத்து. தப்பு தப்பாகவே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட நான் அழித்ததில்லை. எவனாவது அழித்தால் சண்டைக்குப் போவேன். ஊராருக்கு ஒரு கணக்கு, பெத்த பொண்ணுக்கு ஒரு கணக்கா? என்னடா மனுஷன் நீ?

பையை அவிழ்க்காமல் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தேன். நிதானம் பையை வாங்கி வைத்தார். ஒரு கொத்துப் பாசி கொடுத்தார்.

மார்ச் 28, சனி

மாடிப்படிக்குக் கீழேயே நிறுத்திச் சொன்னேன். மேலே கூட்டிப்போய்க் குட்டி இல்லாத தொட்டியைக் காட்ட எனக்குத் தெம்பில்லை.

"குட்டிங்க இல்லம்மா. பெரிய மீனுங்களே தின்னுடுச்சு. நான் செடி போடல."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

கைப்பிடிச் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் கேட்டாள்: "தங்கமீன்?"

"அது செத்துப்போச்சு. என்னாலதான். நீ பாத்தது வேற. நான் மாத்தி வச்சேன்."

"தெரியும். பாத்த உடனே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

எட்டு மாதத்துக்கு மேல் காத்திருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும். நான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகணும் என்றாள். கூட்டிப்போய் விட்டேன். இறங்கும்போது அழுதிருந்தாள். நானும் திரும்பி வரும் பேருந்தில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

மார்ச் 30

தொட்டியில் பாசி போட்டேன். பாதித் தொட்டி பச்சை. இனி அவள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, ஆரம்பித்ததை விடப்போவதில்லை.

ஏப்ரல் 3

பெரிய பெண் மீனுக்கு வயிறு சதுரமாகிவிட்டது. கறுப்பு மறுவுக்குள் புள்ளி புள்ளியாகக் கண்கள்கூடத் தெரிகின்றன என்று தோன்றுகிறது. பிரமையோ என்னவோ. அகலமான கண்ணாடி ஜாடியில் பாசியோடு தனியாக விட்டேன். நாலு தடவை தண்ணீர் சோதித்தேன். பிரசவ வார்டு வாசலில் நிற்பவன் மாதிரி நடக்கிறேன். மகள் பிறந்தபோது இரவு ஷிப்டில் இருந்தேன். அதற்கும் சேர்த்து இப்போது நடக்கிறேன் போல.

ஏப்ரல் 6, திங்கள்

பத்தொன்பது. எண்ணியது மூன்று தடவை. தாயை உடனே பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டேன்.

தொலைபேசவில்லை. ஒரு வரி செய்தி மட்டும் மகளுக்கு அனுப்பினேன்: "இன்று காலை 19 பிறந்தன. நாளையும் எண்ணி அனுப்புவேன். — அப்பா."

பதில் இல்லை.

ஏப்ரல் 7

"19."

ஏப்ரல் 8

"17. இரண்டு செத்துவிட்டன."

அனுப்புவதற்கு முன் கை நின்றது. நல்ல செய்தி மட்டும் அனுப்பினால் என்ன? பிறகு அனுப்பிவிட்டேன். பார்த்தாள் என்று காட்டியது. பதில் இல்லை.

ஏப்ரல் 9

"16."

சாயங்காலம் வந்தது. ஒரே வார்த்தை.

"எதுனால?"

எதனால் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் கேட்டுவிட்டாள்! தண்ணீரை முகர்ந்து பார்த்தேன். அவித்த மஞ்சள் கருவைக் கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன், மிச்சம் அடியில் அழுகுகிறது. பாசம் அதிகமாகி ஊட்டிக் கொன்றிருக்கிறேன். அதையே எழுதி அனுப்பினேன். இனி பெரிய மீன் தீனியைத் தூளாக்கி, ஒரு சிட்டிகை, தினம் மூன்று வேளை.

ஏப்ரல் 11, சனி

பூங்கா. மேலே வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் குடைந்து எடுத்தாள். தண்ணீர் மாற்றுவது எப்படி? ஒரே நாளில் எவ்வளவு? ஃபில்டர் இழுத்துக்கொள்ளாதா? எங்கள் உதவிப் பொறியாளர்கூட என்னை இவ்வளவு கேட்டதில்லை.

ஏப்ரல் 14

"15. ஒன்றைக் காணோம்."

"ஜாடி மேல மூடி இருக்கா?" என்று பதில். இல்லை. மேசைக்குக் கீழே காய்ந்து கிடந்தது. வலைத்துணி கட்டினேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

காலையில் அவசரமாக "15" என்று அனுப்பிவிட்டு ஷிப்டுக்கு ஓடினேன். திரும்பி வந்து எண்ணினால் பதின்மூன்று. எத்தனை தடவை எண்ணினாலும் பதின்மூன்றுதான். காலையில் எண்ணாமலே நேற்றைய எண்ணை அனுப்பியிருக்கிறேன். நானா? ஆமாம், நான்தான்.

காலையில் அனுப்பியதை அழித்துவிடும் வசதி கைபேசியில் இருக்கிறது. அழிக்கவில்லை. கீழே எழுதினேன்: "காலையில் அனுப்பிய 15 தப்பு. எண்ணாமல் அனுப்பினேன். சரியான எண்ணிக்கை 13. — அப்பா."

பத்து நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவள் குரல் தொலைபேசியில் வருவது இதுதான் முதல் தடவை. ஏன் அழிக்காமல் விட்டீர்கள் என்று கேட்டாள். ரிஜிஸ்டர் விஷயத்தைச் சொன்னேன், கோடு, கையெழுத்து எல்லாம். கேட்டுக்கொண்டாள். நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 20, திங்கள்

கெடு நாள். அவள் அம்மா கூப்பிட்டாள். மகள் வாயே திறக்கவில்லையாம். அதனால் சித்தி வீட்டுக்கு ஒரு வாரம் கழித்துப் பதில் சொல்வதாக அம்மாவே சொல்லி வைத்திருக்கிறாளாம். நன்றி என்றேன். உங்களுக்காக இல்லை, உங்க பொண்ணு தினமும் காலையில ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருக்கா, அதுக்காக என்றாள்.

"13."

ஏப்ரல் 25, சனி

வந்தாள். ஒரு துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி, மாடிப்படி ஏறி வீட்டுக்குள் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

நேரே ஜாடிக்குப் போவாள் என்று நினைத்தேன். முதலில் தண்ணீர் வாளியைக் காட்டச் சொன்னாள். தானே குப்பியில் பிடித்து, தானே இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மஞ்சள் இல்லை. சரி என்று தலையாட்டிய பிறகுதான் குட்டிகளிடம் போனாள். மூக்கு கண்ணாடியில் ஒட்டியது.

பன்னிரண்டு என்றாள். பதின்மூன்று என்றேன். இல்லை, பன்னிரண்டு. வாக்குவாதம். காகிதத்தில் கோடு போட்டுப் போட்டு எண்ணினோம். பன்னிரண்டுதான். ஒன்று பாசிக்குள் செத்துக் கிடந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். அவள் ஒரு கரண்டியால் அதை எடுத்து, பேப்பரில் மடித்து, என் கையில் பேனாவைக் கொடுத்தாள்.

"எழுதுங்கப்பா."

இன்று: ~~13~~ 12. கையெழுத்துப் போட்டேன். கீழே அவளும் போட்டாள்.

படுக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குக் கூடம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

12. பெரிய தொட்டியில் இன்னொரு பெண் மீனுக்கும் வயிறு சதுரமாகிக்கொண்டு வருகிறது என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னால் இருக்கும்.

பகல் முழுக்க அதிகாரம். தீனி டப்பா அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாதாம், என் குறட்டை கூடத்திலிருந்து உள்ளே வரைக்கும் கேட்கிறதாம், சோப்புக் கையோடு தொட்டியைத் தொட்டால் வெட்டுவாளாம். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். ஐந்தரை மணிக்கு அவள் அம்மாவின் அழைப்பு வந்தது. கிளம்பிவிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும். நான் வாளியைக் கழுவி வைத்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா. நான் ஒரு நாளைக்குத்தான் துணி எடுத்துட்டு வந்தேன். மீதியெல்லாம் கொண்டு வந்து குடுத்துடு."

அந்தப் பக்கம் அவள் அம்மா என்னவோ கேட்டாள்.

"லீவு முடியற வரைக்கும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாளியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அது காய்ந்து ரொம்ப நேரமாகியிருந்தது.